மது தெளிந்தும் மதி தெளியவில்லை!

(சிலாபத்தில் விவசாயிகளும் உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



1927ஆம் ஆண்டு நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது இந்தச் சிலாப நகரத்திற்கும் வருகை தந்தார். கதருக்கு நிதி திரட்ட வந்த அப்பெரியார் அந்தப் பயணத்திலே மதுவிலக்கையும் வற்புறுத்தினார். அதற்கு முன்னரே, 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தையும் தவறணைகளின் பெருக்கத்தையும் எதிர்த்து இலங்கை முழுவதும் மதுவொழிப்பு இயக்கம் பொங்கி எழுந்தது. ஆகவே மதுவின் கேட்டைப் பற்றிய பேச்சு இம்மண்ணுக்குப் புதியதன்று. நூறாண்டுக்கு மேலாக நாம் மேடைகளிலே குடியைக் கண்டித்து வருகிறோம். குடிப்பவனைப் பழித்து வருகிறோம். ஆனால், குடிப்பவனுடைய மூளைக்கு என்ன நேர்கிறது என்று நாம் எப்போதாவது கேட்டோமா? இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டிலே கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பத்திரிகைகள் எழுதின, சட்டமன்றம் அதிர்ந்தது, விசாரணைகள் தொடங்கின. ஒரே நாளில் பிணங்கள் வரிசையாகக் கிடந்தால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. ஆனால், உடல் உயிரோடிருக்க உள்ளே மதி மட்டும் மெல்ல மெல்ல மாண்டுபோகும் மனிதனை எந்தப் பத்திரிகை எழுதுகிறது? அவன் நம் ஊரில் இருக்கிறான். நம் தெருவில் இருக்கிறான். பலருடைய வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறான்.

பொய்யல்ல, நோய்!

ஒரு கடற்றொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வயது ஐம்பது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடி. முதலில் கள், பிறகு சாராயம், கையிலே காசு குறைந்தபோது களப்போரத்துப் பற்றைக்குள் காய்ச்சிய கசிப்பு. குடிக்கின்ற நாட்களில் அவர் சோறு தின்பதில்லை. ஒருநாள் நடை தள்ளாடுகிறது. "இன்றைக்கும் குடித்துவிட்டான்" என்கிறார்கள் வீட்டார். ஆனால் அன்று அவர் குடிக்கவில்லை. கண் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. பேச்சு குழம்புகிறது. சில வாரங்கள் கழிந்த பின் நடை சிறிது தேறுகிறது, நினைவோ தேறவில்லை. காலையில் மகள் வந்து போனதை மாலையில் அறியார். "எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்டால், "உடப்புக்குப் போய் வலை வாங்கி வந்தேன்" என்று விரிவாகக் கதை சொல்வார். அவர் வீட்டுப் படலையைத் தாண்டியே இல்லை. உடனே மனைவி, "வாயைத் திறந்தால் பொய்!" என்று தலையில் அடித்துக் கொள்கிறார்.

தாய்மார்களே! அது பொய்யன்று. பொய் சொல்பவனுக்கு உண்மை தெரியும், தெரிந்தே மறைக்கிறான். இவருக்கோ உண்மை தெரியாது. நினைவிலே விழுந்துவிட்ட ஓட்டையை மூளை தானாகவே ஒரு கதையால் அடைத்துக் கொள்கிறது. அந்தக் கதையை அவரே நம்புகிறார். இந்த நோயின் முதற் கட்டத்தை 1881இல் ஜெர்மானிய வைத்தியர் கார்ல் வேர்ணிக்கேயும், நினைவிழந்த பிற்கட்டத்தை 1887 முதல் ரஷ்ய வைத்தியர் சேர்கெய் கோர்சகோவும் எடுத்துரைத்தார்கள். அவ்விருவர் பெயராலேயே வைத்திய உலகம் இன்றும் இந்நோயை அழைக்கிறது. நூற்று நாற்பது ஆண்டுகளாக வைத்தியர் அறிந்த நோயை, நம் வீடுகளில் இன்னும் "பொய்", "திமிர்", "சோம்பல்" என்றே அழைக்கிறோம்.

அரிசியிலே உள்ள பாடம்

இந்நோய் எதனால் வருகிறது? உழவர்களே, இது உங்களுக்கு மிக நெருங்கிய செய்தி. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் என்னும் உயிர்ச்சத்து, அதாவது பி1 சத்து, இல்லாமற் போவதாலே வருகிறது.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியா நகரிலே, ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் கோழிகளுக்குத் தீட்டிய வெள்ளையரிசியை மட்டும் போட்டபோது அவை கால் சோர்ந்து விழுந்தன. தவிட்டோடு கூடிய அரிசியைப் போட்டபோது எழுந்து நடந்தன. இந்த ஆராய்ச்சிக்காக 1929இல் அவர் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பெரிபெரி என்னும் அந்த நோயின் பெயரே, "முடியாது, முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பர். நம் முன்னோர் நெல்லை அவித்துப் புழுங்கலாக்கினார்கள். அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது. அறிவியல் பிறகு சொன்னதை அனுபவம் முன்னே செய்து வைத்தது.

நாளொன்றுக்கு ஒருவருக்கு வேண்டிய பி1 சத்து ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். உடலில் சேர்ந்திருப்பதோ ஏறக்குறைய முப்பது மில்லிகிராம். வரவு நின்றால் இருப்பு இரண்டு மூன்று வாரங்களில் தீர்ந்துவிடும். குடிப்பவரிடம் மூன்று வாயில்களும் ஒருங்கே அடைபடுகின்றன. அவர் சோறு உண்பதில்லை. உண்டாலும் குடல் அச்சத்தை உறிஞ்சுவதை மது தடுக்கிறது. உறிஞ்சியதைச் சேமிக்க வேண்டிய ஈரலும் கெட்டிருக்கிறது.

"கள் உணவு அல்லவா?" என்று இத்தென்னை நாட்டிலே சிலர் கேட்பர். புதுக்கள்ளில் ஈஸ்ட்டினால் உண்டாகும் உயிர்ச்சத்துச் சிறிது உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சி வடித்த சாராயத்தில் அது இல்லை, கசிப்பிலும் இல்லை, போத்தலில் வரும் விஸ்கியிலும் இல்லை. படித்த உத்தியோகத்தர் இதைக் கவனிக்க வேண்டும். கசிப்பு ஏழையின் மூளையை அரிக்கும், விஸ்கி கனவானின் மூளையை விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம். பிரான்சிலே 65 வயதுக்கு முன் மறதிநோய் கண்ட 57,000க்கு மேற்பட்டோரின் வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மதுவுடன் தொடர்பு இருந்தது. பிரான்சிலே கசிப்புக் காய்ச்சுவாரில்லை!

புத்தி சொல்கிறோம், கேட்கும் புத்தி எங்கே?

நினைவு மட்டுமா கெடுகிறது? நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியே திட்டமிடுவது, பின்விளைவை எண்ணுவது, ஆசையை அடக்குவது ஆகிய பணிகளைச் செய்கிறது. நெடுநாட் குடி அப்பகுதியைப் பெரிதும் தாக்குகிறது. நாமோ குடிப்பவரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் புத்தி சொல்கிறோம். அவரும் தலையாட்டுகிறார், சத்தியம் செய்கிறார், மாலையில் மறுபடி தவறணைக்குப் போகிறார். "சூடு சொரணை இல்லாதவன்" என்று ஏசுகிறோம். புத்தியைக் கேட்டு, நினைவில் வைத்து, நடந்துகொள்ள வேண்டிய உறுப்பே புண்பட்டிருக்கிறது என்பதை எண்ணுகிறோமா? முதலில் குடி நிற்க வேண்டும். சோறும் மருந்தும் உறக்கமும் சில வாரங்கள் கிடைக்க வேண்டும். அதன் பிறகு சொல்லும் புத்தியே ஏறும். அதையும் சுருக்கமாக, திரும்பத் திரும்ப, எழுதிக் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

இங்கே சட்டத்தரணிகளும் நொத்தாரிசுமாரும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். இத்தகைய ஒருவர் தென்னங்காணி உறுதியோடு உங்கள் முன் வந்து கையொப்பமிட ஆயத்தமாக நிற்கும்போது, அன்று அவர் குடிக்காமல் வந்திருக்கிறார் என்பது போதாது. தாம் எதை விற்கிறார், யாருக்கு விற்கிறார், எவ்வளவுக்கு விற்கிறார் என்பதை அரை மணி நேரம் கழித்து அவரிடமே திருப்பிக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் பேனாவை மூடி வையுங்கள். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் சொத்து அந்த அரை மணியில் தப்பிவிடும்.

விரத காலத்திலே விழிப்பு

இன்னொரு செய்தியை இந்தக் கடற்கரைக்கென்றே சொல்ல வேண்டும். முன்னேசுவரத்துத் திருவிழாவுக்கும், உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்புக்கும் விரதம் பூணுவோர் மதுவை விடுகிறார்கள். கத்தோலிக்க அன்பர்கள் தவக்காலத்தில் விடுகிறார்கள். நல்லது, போற்றுகிறோம். ஆனால் பல ஆண்டுகளாக நாள் தவறாமல் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று ஒரே நாளில் நிறுத்தும்போது அவருடைய மூளை கொந்தளிக்கிறது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும், வலிப்பும் வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தோன்றும். சுவரிலே பூச்சி ஊர்கிறது என்பார். யாரோ கொல்ல வருகிறார்கள் என்று ஓடுவார். அப்போது வீட்டார் என்ன செய்கிறார்கள்? "பேய் பிடித்துவிட்டது, தெய்வக் குற்றம்" என்று பார்வை பார்ப்பவரைத் தேடுகிறார்கள்.

அது பேயன்று, தெய்வக் குற்றமும் அன்று. குடியை விட்டதனால் உண்டாகும் சன்னி. சிகிச்சையின்றி விட்டால் உயிருக்கே ஆபத்து. உரிய மருந்து கொடுத்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுவர். வடிவாம்பிகை அன்னையை வணங்குங்கள், மாதாவை மன்றாடுங்கள், ஆனால் அவரை வண்டியிலேற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கே கூச்சத்தால் எதையும் மறைக்காதீர்கள். "இவர் இத்தனை ஆண்டு குடித்தார், இத்தனை நாளாகச் சாப்பிடவில்லை, நேற்று முன்தினம் நிறுத்தினார்" என்று சொல்லுங்கள். ஏனென்றால், பி1 சத்து வற்றிய உடலில் அதை ஏற்றாமல் குளுக்கோசை மட்டும் ஏற்றினால், மிஞ்சியிருந்த சத்தும் தீர்ந்து மூளைக்கு மேலும் கேடு வரலாம். மறைத்த ஒரு சொல் ஒரு மனிதனின் நினைவையே விலையாகக் கொண்டுவிடக்கூடும். விரதம் பூண விரும்பும் நாட்பட்ட குடிகாரர், காப்புக் கட்டுவதற்கு முன் வைத்தியரைக் காண்பதே முறை.

குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலே கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரங்கள் வருகின்றன. அதை நம்பாதீர்கள். அத்தகைய மருந்து உடலில் இருக்கையில் அறியாமல் மதுவைக் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிர் போகவும் கூடும். வைத்தியர் கொடுக்கும் மருந்துகள் உண்டு. அவை நோயாளர் அறிந்து, உடன்பட்டு உண்ண வேண்டியவை.

துயரத்துக்காகக் குடியா? குடியால் துயரமா?

விளைச்சல் பொய்த்தது, இறால் பண்ணை நோயிலே அழிந்தது, கடன் ஏறியது. ஆகவே குடிக்கிறேன் என்பார் உண்டு. துயரம் குடிக்கு வழிகாட்டுகிறது என்பது மெய்யே. ஆனால் குடி அத்துயரத்தைத் தீர்ப்பதில்லை, பெருக்குகிறது. முற்றிலும் குடியை விட்டு மூன்று நான்கு வாரங்கள் இருந்தாலே பலருடைய மனச்சோர்வு வேறு மருந்தின்றி விலகுவதை வைத்தியர் கண்டிருக்கின்றனர். விலகாதோருக்கு மனச்சோர்வுக்கென்றே சிகிச்சை வேண்டும்.

குடித்த மூளையிலே கணநேர ஆத்திரம் கட்டுக்கடங்காது. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. பத்தாண்டுக்குள் அவ்விகிதம் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. ஆத்திரம் கணநேரத்தது, அக்கணத்தில் கைக்கு நஞ்சு எட்டாவிட்டால் மனிதன் பிழைக்கிறான் என்பதே அதன் பாடம். உழவர்களே, குடிப்பவர் உள்ள வீட்டில் மருந்துப் போத்தலைப் பூட்டி வையுங்கள். மனம் நொந்தவர் எந்நேரமும் பேசுவதற்குத் தேசிய மனநல நிறுவனம் 1926 என்னும் தொலைபேசி எண்ணை நடத்துகிறது. அதை வீட்டுச் சுவரிலே எழுதி வையுங்கள்.

தாய்மொழியில் கேளுங்கள்!

இனி அரசியலுக்கு வருவோம். "நோயைப் பற்றிப் பேசுகையில் மொழியரசியல் ஏன்?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் கேட்கிறோம்: நினைவை எதனால் அளப்பது? காய்ச்சலை அளக்கக் கண்ணாடிக் குழாய் உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. மதியை அளக்கும் கருவியோ மொழி ஒன்றே! "இன்று என்ன கிழமை? இந்த ஐந்து சொற்களைச் சொல்லுங்கள், சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்" என்று கேட்டே வைத்தியர் மதியை அளக்கிறார். தமிழ் மட்டுமே அறிந்த உடப்பு மீனவரிடம் இதனைச் சிங்களத்தில் கேட்டால் வருகிற விடை அவருடைய மூளையைப் பற்றியதா, அவர் கற்காத மொழியைப் பற்றியதா? மதி நன்றாயிருப்பவர் மறதியாளர் ஆவார். மறதியாளரோ, "மொழி விளங்கவில்லை போலும்" என்று கவனிக்கப்படாமல் வீடு திரும்புவார்.

இக்கடற்கரையிலே இச்செய்தி இன்னும் கூர்மையானது. சிலாபத்துக்குத் தெற்கே பல ஊர்களில் பாட்டனார் தமிழில் பேசினார். பேரன் சிங்களத்தில் பேசுகிறான். முதுமையிலே மதி தளரும்போது, பிற்காலத்தில் பழகிய மொழி முன்னே நழுவி இளமையில் பேசிய மொழி எஞ்சி நிற்பது உண்டு. வீட்டில் ஒருவருக்கும் தமிழ் தெரியாத நிலையில், பாட்டனாரின் பேச்சு "பிதற்றல்" ஆகிவிடுகிறது.

1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார்கள். 1958இல் தமிழுக்கெனச் சில ஏற்பாடுகளைச் சட்டமாக்கினார்கள். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. 1988இல் 16ஆவது திருத்தம் நாடு முழுவதும் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகள் என்றது. அந்த உரிமை வடக்கு கிழக்கோடு நிற்பதன்று. புத்தளம் மாவட்டத் தமிழனுக்கும் உரியது. ஏட்டிலே எழுதிய அவ்வுரிமையை வைத்தியசாலைக் கட்டிலருகே கொண்டுவாருங்கள் என்கிறோம். மதியை அளக்கும் வினாத்தாள்களுள் தமிழிலே அமைந்தவை உண்டு. அவற்றைக் கேட்கத் தமிழறிந்த உத்தியோகத்தரே வேண்டும். சிங்களச் சகோதரரின் குடிசையிலும் இதே நோய், இதே கண்ணீர். யாழ்ப்பாணத்து வைத்தியசாலைக்கு வரும் சிங்கள நோயாளருக்கும் இவ்வுரிமையையே நாம் கோருகிறோம்.

செய்யக்கூடியது என்ன?

இந்நோய் முழுவதும் தீருமா? உள்ளதைச் சொல்வோம். நினைவிழப்பு முற்றியவர்களில் ஏறக்குறையக் காற்பங்கினர் நன்கு தேறுகின்றனர், பாதிப் பங்கினர் ஓரளவு தேறுகின்றனர், எஞ்சியோர் தேறுவதில்லை. தேறுவோரும் மாதக் கணக்கில், சில வேளை ஆண்டுக் கணக்கில் தேறுகின்றனர். ஆகவே முற்றுமுன் தடுப்பதே அறிவு. தடுக்கும் மருந்தோ விலை மலிந்த பி1 ஊசி! அவுஸ்திரேலியா 1991இல் ரொட்டி மாவில் பி1 சத்தைக் கட்டாயமாகச் சேர்த்தது. அதன் பின் அந்நாட்டிலே இந்நோய் குறைந்தது.

சென்னையிலே சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரை இழந்த துயரத்தையே தொண்டாக்கி, 1980இல் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனம் தஞ்சைப் பகுதி மஞ்சக்குடிக் கிராமத்துக்கே சென்று முகாமிட்டுச் சிகிச்சை அளித்தது. ஊரார் இடமும் உணவும் தந்தனர். குடும்பத்தாருக்கும் அறிவுரை வழங்கப்பட்டது. நோயாளர் நகரத்தைத் தேடி அலையவில்லை. சிகிச்சை ஊரைத் தேடி வந்தது. மஞ்சக்குடி செய்ததைச் சிலாபம் செய்ய முடியாதா? கோயில் மடமும், ஆலயத்து மண்டபமும், பாடசாலைக் கட்டடமும் இங்கே இல்லையா?

ஆகவே அரசிடம் நாம் கோருவது நான்கு. ஒன்று: சிறிய வைத்தியசாலைகளிலும் பி1 ஊசி எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், குடியால் மெலிந்து வருவோருக்கு அது முதலில் கிடைக்க வேண்டும். இரண்டு: மதியைச் சோதிப்பதும் ஆலோசனை சொல்வதும் நோயாளரின் மொழியிலே நடைபெற வேண்டும். மூன்று: ஊர் முகாம்களுக்கு வைத்தியரையும் மருந்தையும் அனுப்ப வேண்டும். நான்கு: மதுவரியாக வாங்கும் பணத்தில் ஒரு பங்கை மதுவால் மதியிழந்தோருக்கென ஒதுக்க வேண்டும். ஒரு கையால் தவறணைக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அரசு, மறு கையை நோயாளருக்கு நீட்டக் கூசுவது நீதியன்று.

நம்மிடமே நாம் கோருவதும் உண்டு. தோட்டக்காரர்களே, நாட்கூலியின் ஒரு பகுதியைப் போத்தலாகக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் இன்றே விட்டொழியுங்கள். உத்தியோகத்தர்களே, விருந்திலே குடிக்காதவரைக் கேலி செய்யாதீர்கள். தாய்மார்களே, தாங்கள் படும் பாட்டை நாம் அறியாதவரல்லர். நோய் என்று சொல்வதனால் அவர் கை நீட்டி அடிப்பதைப் பொறுத்திருங்கள் என்பது பொருளாகாது. தங்களையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வது முதற் கடமை. அதன் பின், ஏசி ஓய்ந்த ஒரு பொழுதிலே, அவருக்கு ஒரு பிடி சோறும் வைத்தியசாலைக்கு ஒரு வழித்துணையும் ஏற்பாடு செய்யுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019ஆம் ஆண்டிலே மதுவால் மாண்டோர் 26 இலட்சம்; மதுப் பழக்கத்தால் நோயுற்றோர் 40 கோடி. இத்தனை பெரிய கணக்கைக் கேட்டு மலைக்க வேண்டாம். உங்கள் தெருவிலே ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் உங்களுக்குத் தெரியும். இந்தக் கூட்டம் கலைந்து வீடு திரும்புகையில் அவர் படலையருகே ஒரு கணம் நில்லுங்கள். "சாப்பிட்டீர்களா?" என்று தமிழிலே கேளுங்கள். விடை குழம்பினால் பொய்யன் என்று போய்விடாதீர்கள். நாளைக் காலையில் அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.